முதலில் மூன்றாம் இலக்கம்

பெரியப்பா றக்பி அணியை எழுத உட்கார்ந்தால் பதினைந்திலிருந்துதான் தொடங்குவார். முதலில் எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல் பெக், பிறகு ஓரத்தில் ஓடும் வலப்பக்க விங், இரண்டு சென்டர்கள், இடப்பக்க விங், பத்து, ஒன்பது. அதுவரை பேனா தடங்கலின்றி ஓடும். எட்டுக்கு வந்ததும் ஒரு மிடறு பிளேன் டீ. அதன் பிறகு வேகம் குறையும். ஒவ்வொரு பெயருக்கும் கூரையைப் பார்ப்பார். கடைசி மூன்று இலக்கங்களுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் தாளை என் பக்கம் தள்ளிவிடுவார்.

"மிச்சத்தை நீ போடு தம்பி."

இருபது வருடங்களாக இதே வழக்கம். தாள் எப்போதும் பழைய மின்கட்டணச் சிட்டையின் பின்பக்கம். இடம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் அவருடைய மாடி வீடு. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, அது கடந்த பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடரவேண்டும். நேற்று வியாழன் இரவும் அப்படித்தான். நாளை சனிக்கிழமை ரேஸ்கோஸ் மைதானத்தில் இலங்கை ஆடுகிறது. எதிரணி நம்மைவிடக் கனமானது. அழைக்கப்பட்ட வீரர்களின் பட்டியல் வெளிவந்துவிட்டது. யார் முதல் பதினைந்தில், யார் வெளியே பெஞ்சில் என்பதே எங்கள் மூன்று பேருக்கும் இடையிலான சண்டை. மூன்றாமவன் என் மருமகன். வயது பதினேழு, பாடசாலை அணியில் ஒன்பதாம் இலக்கம்.

இங்கே நான் எந்த வீரரின் பெயரையும் எழுதப் போவதில்லை. நாளை களமிறங்க இருக்கும் ஒரு பிள்ளை இன்றிரவு இதை வாசிக்கக்கூடும். அவர் தகுதியானவரா இல்லையா என்று அந்த நேரத்தில் அவர் என்னிடமிருந்து கேட்கத் தேவையில்லை. ஆகவே இலக்கங்களாலேயே பேசுகிறேன்.

கொழும்பில் றக்பி அணித் தேர்வைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு மூன்று இடங்களில்தான் நிற்கும். பத்தாம் இலக்கம் யார், விங்குகள் யார், அவர்கள் எந்தப் பாடசாலை. கடைசிக் கேள்விதான் உண்மையில் முதற் கேள்வி. தேசிய அணி ஆடும்போது இருக்கைகளை நிரப்பப் பாடுபடும் இந்த நகரம், கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி ட்ரினிட்டி கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயப் போட்டிக்கு நிற்க இடமில்லாமல் திரளும். 1945இல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு வெளிநாடுகளிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு வருபவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பற்றை நான் குறைசொல்ல மாட்டேன். என்னையும் மைதானத்துக்கு இழுத்துவந்தது அதுதான். ஆனால் தேசிய அணியின் பட்டியலைக் கையில் எடுக்கும்போதும் பெயருக்குப் பக்கத்தில் பாடசாலையின் நிறம்தான் கண்ணில் படுகிறது என்றால், அந்தப் பட்டியலை நாம் இன்னும் வாசிக்கவே இல்லை.

பெரியப்பாவின் விங் பித்துக்கு வேறொரு காரணம் உண்டு. அவருடைய தகப்பனார், அதாவது என் பாட்டா, 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்பில் ஆடியபோது போய்ப் பார்த்தவர். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர்கள் இங்கே ஒரு போட்டி ஆடினார்கள். அன்றைய சிலோன் அணியில் சும்மா நவரட்ணம் இருந்தார். நாட்டின் அதிவேக ஓட்டவீரர்களில் ஒருவர். ஒரு தமிழர். அவர் பந்தோடு ஓடியதைப் பாட்டா வீட்டுக் கூடத்தில் ஓடியே காட்டுவாராம். பெரியப்பாவின் தலைமுறைக்கு அந்தப் பெயர் வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. பட்டியலைத் திறந்ததும் நம்முடைய பெயர் ஒன்று இருக்கிறதா என்று தேடும் கண் அவருக்கு இன்றும் போகவில்லை. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் படித்த ஃபாசில் மரிஜா பத்தாம் இலக்கத்தில் நின்று நாட்டுக்குத் தலைமை தாங்கிய நாட்களில் அவர் அவ்வளவு மகிழ்ந்தார். இந்த நாட்டில் முதன்முதலாக ஒரு பாடசாலை றக்பியைத் தொட்டது 1891இல் கிங்ஸ்வூட்டில்தான் என்ற தகவலையும் சேர்த்துச் சேர்த்துச் சொல்வார்.

"லயன்ஸ் போட்டியின் முடிவு என்ன பெரியப்பா?" என்று நேற்றும் கேட்டேன். விடை எனக்குத் தெரியும். 44க்கு 6.

"தோற்றோம். அதனால் என்ன? அந்த ஓட்டம் ஓட்டம்தானே?"

"ஓடுவதற்குப் பந்து வரவேண்டுமே" என்றேன். ரயில் ஒன்று கடந்து போனது. அவர் பதில் சொல்லவில்லை.

பந்து எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்க்ரம் என்பது இரு அணிகளிலும் எட்டெட்டுப் பேர் குனிந்து பிணைந்து பந்துக்காகத் தள்ளுவது. அதில் ஒன்று, இரண்டு, மூன்றாம் இலக்கங்கள் நிற்கும் இரண்டு முன்வரிசைகள் தலையோடு தலை பூட்டிக்கொள்கின்றன. ஒன்றாம் இலக்கத்துக்கு ஒரு தோள் வெளியே இருக்கிறது. அவருடைய இடப்பக்கத்தில் எதிராளி இல்லை. மூன்றாம் இலக்கத்துக்கு அந்த வசதி இல்லை. அவருடைய தலை, எதிரணி முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் புரொப்புக்கும் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும் இடையே போகிறது. இரண்டு தோள்களிலும் சுமை. எதிரணியின் எட்டுப்பேர் தள்ளும் தள்ளலில் பெரும்பங்கு அவருடைய முதுகெலும்பு வழியாகத்தான் நிலத்துக்கு இறங்கவேண்டும். அவர் ஓரடி பின்வாங்கினால் ஸ்க்ரம் முழுவதும் அந்தப் பக்கமாகத் திரும்பும். நடுவர் விசில் ஊதுவார். பெனால்டி. எதிரணி கம்பங்களுக்கு அடித்தால் மூன்று புள்ளிகள். எல்லைக்கு வெளியே அடித்தால் நெடுந்தூரம் முன்னேறி, எல்லைக்கோட்டிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் லைன் அவுட்டில் பந்தை எறியும் உரிமையும் அவர்களுக்கே. அதற்குள் நம்முடைய இரண்டு விங்குகளும் இடுப்பில் கை வைத்தபடி நின்றிருப்பார்கள். உலகின் அதிவேக மனிதனை அங்கே நிறுத்தினாலும் அதே கதைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பாடசாலைக் காலத்தில் மூன்று வருடங்கள் அந்த இலக்கத்தில் நின்றவன். என் வலக்காது இன்றும் மடிந்துதான் இருக்கிறது. பதினேழு வயதில் எடை 84 கிலோ. அந்த நாட்களில் நடுவரின் கட்டளை வேறு. தூரத்திலிருந்து பாய்ந்து மோதுவோம். 2013இலிருந்து 'க்ரவுச், பைண்ட், செட்' என்று மூன்று சொற்கள். முதலில் குனி, அடுத்தது பிடி, பிறகுதான் சேர். மோதலின் வேகத்தைக் குறைத்து, தள்ளும் நேரத்தைக் கூட்டிய மாற்றம் இது. அதிர்ச்சியால் வெல்வது குறைந்து, பிடியாலும் முதுகாலும் வெல்லவேண்டிய ஆட்டமாக ஸ்க்ரம் மாறியது. நல்ல மூன்றாம் இலக்கத்தின் பெறுமதி இதனால் ஏறித்தான் இருக்கிறது.

சென்ற வாரம் ஒரு கழக மைதானத்தில் பயிற்சி பார்த்தேன். மாலை மழை விட்டிருந்தது. எங்கள் வாதத்தில் மூன்றாம் இலக்கத்துக்குப் போட்டியிடும் இருவரில் கனத்தவர், மற்றவர்கள் போன பிறகும் ஸ்க்ரம் இயந்திரத்தின் முன்னால் நின்றார். இரண்டு காதுகளையும் சுற்றி வெள்ளை டேப். தள்ளவில்லை. குனிவதும் வலக்கையை நீட்டிப் பிடிப்பதும் விடுவதும், அவ்வளவுதான். அந்தக் கை எதிராளியின் கைக்கு வெளியே போய், முதுகுப்பக்க ஜேர்சியைத்தான் பற்றவேண்டும். கையைப் பற்றினால் தவறு, கீழே இழுத்தால் தவறு. மெத்தையில் ஒரே இடத்தில் அவருடைய விரல்கள் படிந்து படிந்து, ஈரத்தில் ஐந்து கோடுகள் தெரிந்தன. இருபது முறையாவது இருக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் கால்களைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, பிறகே குனிந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கால்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மற்றவர் இளையவர், எடை குறைந்தவர். ஆனால் ஓடுவார், தடுப்பார், பந்தைக் கையிலெடுத்து மூன்று பேரை இழுத்துக்கொண்டு போவார். மருமகனுக்கு அவர்தான் முதல் பதினைந்தில் வேண்டும்.

"மாமா, இப்போதைய ஆட்டம் வேகமானது. ஸ்க்ரம் ஒரு போட்டியில் எத்தனை தடவை வருகிறது? மற்ற நேரமெல்லாம் அந்த அண்ணா மைதானத்தில் நடக்கத்தானே போகிறார்?"

நியாயமான கேள்வி. பெரியப்பாவும் தலையசைத்தார். ஆனால் ஸ்க்ரம்களை எண்ணிக்கையால் அளக்கக்கூடாது என்பது என் கட்சி. முதல் இரண்டு ஸ்க்ரம்களில் நடுவரின் மனதில் ஒரு முடிவு எழுதப்படுகிறது: எந்த முன்வரிசை பலமானது, எது தப்பிக்கப் பார்க்கிறது. அதன் பிறகு ஸ்க்ரம் சரியும்போதெல்லாம் அவர் முதலில் பார்ப்பது பலவீனமான பக்கத்தைத்தான். அறுபதாவது நிமிடத்தில் கனத்தவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்த எண்ணத்தை அழிக்க நேரம் போதாது. ஆகவே கனத்தவர் தொடங்கவேண்டும். ஐம்பது நிமிடங்கள் அவர் நிலத்தை இறுக்கிப் பிடிக்கட்டும். எதிரணியின் மூச்சு வாங்கும்போது இளையவர் உள்ளே போகட்டும். அவர் ஓட்டத்துக்கு அப்போதுதான் இடமும் கிடைக்கும். இளையவரைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். புரொப்புகள் இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் முற்றுவார்கள். அவருடைய காலம் முன்னால் இருக்கிறது.

மருமகன் விடவில்லை. பெஞ்சுக்குத் தாவினான். எட்டு மாற்று வீரர்களில் ஆறு பேர் ஸ்க்ரமில் தள்ளும் முன்கள வீரர்களாக இருக்கவேண்டும், இரண்டு பேர் மட்டும் பின்களம் என்றான். இதில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். 2023 உலகக் கிண்ண இறுதியில் தென்னாபிரிக்கா ஏழு முன்கள வீரர்களையும் ஒரேயொரு பின்கள வீரரையும் பெஞ்சில் வைத்து, நியூசிலாந்தை 12க்கு 11 என்று வென்றது. அவர்களிடம் உள்ள ஆள்பலம் நம்மிடம் இல்லை, அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் கொழும்பின் வெக்கையில், காற்றில் ஈரம் தொங்கும் மாலையில், முதலில் கால் தளர்வது முன்களத்துக்குத்தான். ஆறுக்கு இரண்டு என்பது இந்த ஊரின் வானிலைக்கே பொருந்தும் கணக்கு.

பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெஞ்சில் ஒரு விங் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "முதல் விங் காயப்பட்டால்?" என்றார். முன்வரிசை காயப்பட்டால் என்ன ஆகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். 23 பேர் கொண்ட அணியில் முன்வரிசைக்கென்று பயிற்சி பெற்ற ஆறு பேர் இருந்தே ஆகவேண்டும் என்று விதி சொல்கிறது. கழுத்து முறியக்கூடிய இடம் அது. பழகாத ஒருவரை அங்கே அனுப்ப முடியாது. அனுப்ப ஆளில்லை என்றால் இரு தரப்பும் தள்ளாமல் ஸ்க்ரம் நடத்த நடுவர் உத்தரவிடுவார். விங் காயப்பட்டால் ஃபுல் பெக் போய் நிற்கலாம், சென்டர் போய் நிற்கலாம். மூன்றாம் இலக்கத்தின் இடத்தில் போய் நிற்க மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

இந்த இடத்தில் பெரியப்பா வழக்கமான வாதத்தை எடுத்தார். நம்முடைய உடல்வாகு சிறியது, தள்ளி வெல்ல முடியாது, ஓடித்தான் வெல்லவேண்டும். கொழும்பில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. இதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. ஏனென்றால் இதற்கான பதில் நம் கண் முன்னாலேயே நடந்தது.

2014 மே மாதம், நகோயாவில், ஜப்பான் நம்மை 132க்கு 10 என்று தோற்கடித்தது. அந்த எண்ணை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது. அதே ஜப்பான் பதினாறு மாதங்களுக்குப் பிறகு, 2015 செப்டெம்பர் 19ஆம் திகதி, பிரைட்டனில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 29க்கு 32 என்று பின்னால் நின்றது. நேரம் முடியும் தறுவாய். பெனால்டி கிடைத்தது. கம்பங்களுக்கு அடித்தால் சமநிலை. அவர்களின் தலைவர் மைக்கேல் லீச் அடிக்க வேண்டாம் என்று சொல்லி ஸ்க்ரமைத் தெரிவுசெய்தார். உலகின் மிகக் கனமான முன்களங்களில் ஒன்றுக்கு எதிராக, ஐந்து மீற்றர் தூரத்தில், ஸ்க்ரம்! அங்கிருந்து வந்த பந்தில்தான் 34க்கு 32 என்ற வெற்றி பிறந்தது. சிறிய உடல்வாகு என்று அவர்களுக்கும்தான் காலம்காலமாகச் சொல்லி வந்தார்கள். முன்னாள் பிரெஞ்சு ஹூக்கர் மார்க் டல் மாசோவை ஸ்க்ரமுக்கென்றே பயிற்சியாளராக வைத்து, தாழ்ந்து குனிவதையும் எட்டுப்பேர் ஒரே நொடியில் தள்ளுவதையும் வருடக்கணக்கில் பழகினார்கள்.

நான் சொல்லி முடித்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடைசி ட்ரையை வைத்தது யார்?"

கார்ன் ஹெஸ்கெத். விங்தான். மூலையில். மருமகன் மேசையில் தட்டிக் கைகொட்டினான். பெரியப்பா பேனாவை எடுத்துப் பதினொன்றையும் பதினான்கையும் மீண்டும் ஒரு முறை அழுத்தி எழுதினார்.

இருக்கட்டும். ஆனால் நமக்கு மூன்றாம் இலக்கங்கள் ஏன் உருவாவதில்லை என்பதை யாராவது யோசித்தார்களா? 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளக்கூடாது என்பது உலக விதி. பிள்ளைகளின் கழுத்தைக் காக்கும் விதி, அது சரியானதே. ஆனால் நமது றக்பியின் கூட்டமும் பணமும் பத்திரிகைப் பக்கங்களும் பாடசாலை ஆட்டத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஒன்றரை மீற்றருக்கு மேல் தள்ளப் பழக வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை வேலை தேடிப் போய்விடுகிறான். விங் பதினெட்டு வயதிலேயே நட்சத்திரம் ஆகிவிடுகிறான். புரொப்புக்கு அப்போதுதான் பாடம் தொடங்குகிறது, அப்போது மைதானத்தைச் சுற்றி ஆள் இல்லை. முன்களத்தில் நல்லவர்கள் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் தொடர்ந்து ஆடுவதற்கு அங்கே நிலையான சம்பளம் இருப்பது ஒரு பெரிய காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணி எதுவும் விளையாட்டு அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் போக முடியாது. தேர்வாளர்கள் எழுதும் பட்டியல் ஒரு அமைச்சின் மேசையைக் கடந்துதான் மைதானத்துக்கு வருகிறது. 2023இல் அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி உலக றக்பி அமைப்பு நமது உறுப்புரிமையை இடைநிறுத்தியது. நாட்டின் பெயரில் ஆடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எவ்வளவு அரியது என்று அந்த வருடத்தில்தான் எனக்கு உறைத்தது. பட்டியலை யார் பார்த்தாலும் பரவாயில்லை, யார் ஒப்பமிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று தேர்வாளர் ஒருவர் வெளியே வந்து நான்கு வாக்கியம் பேசவேண்டும். அந்த வீரரின் முகத்தைப் பார்த்து முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஊருக்குச் சொல்லவேண்டும்.

இதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. பாடசாலையின் கடைசி வருடம், பருவத்தின் பெரிய போட்டிக்கு முந்திய நாள், படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறிவித்தல் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் இலக்கத்துக்கு எதிரே வேறொருவரின் பெயர். அந்தப் பருவம் முழுவதும் ஒன்றாம் இலக்கத்தில் ஆடிய நண்பன். மேலிருந்து கீழாக மூன்று தரம் வாசித்தேன், பெஞ்சிலும் நான் இல்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்த நண்பன் அடுத்த நாள் பழகாத பக்கத்தில் தலையைக் கொடுத்து, முதற்பாதி முழுவதும் வதைபட்டான். பார்வையாளர் பக்கத்தில் அவனுடைய தாயாருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஸ்க்ரமுக்கும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வருடங்கள் ஆகப்போகின்றன. அந்தப் பிடியின் இறுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் அணியை மூன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்கிறேன். மூன்று யார் என்று முடிவானால், அவருக்குப் பக்கத்தில் நிற்க எந்த ஹூக்கர் பொருத்தம் என்று தெரியும். அவருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்று தள்ள எந்த லொக் வேண்டும் என்று தெரியும். ஸ்க்ரம் அசையாது என்ற நம்பிக்கை இருந்தால் பத்தாம் இலக்கத்துக்கு ஆழமாக நின்று பந்தை விரிக்கும் ஒருவரைப் போடலாம். நம்பிக்கை இல்லையென்றால் உதைத்துத் தப்பிக்கும் ஒருவரைத்தான் போடவேண்டும். பெரியப்பாவின் செல்ல விங்குகளுக்குப் பந்து போகுமா போகாதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. பதினைந்திலிருந்து கீழே இறங்கினால், கீழே வரும்போது மிச்சமிருப்பவரைத்தான் மூன்றில் போட நேரும்.

நாளை மாலை நாங்கள் மூவரும் போகிறோம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. குதிரைகள் ஓடிய திடல் அது; 1942இல் போர் விமானங்கள் எழுந்து பறந்த ஓடுபாதையும் அதே புல்வெளிதான். பெரியப்பா வழக்கம்போல விங் ஓடும் ஓரத்தில் உட்காரவேண்டும் என்கிறார். முழங்கால் வலிக்கிறது, படி ஏற முடியாது என்கிறார். எனக்கு மேலே, நடுவில், ஸ்க்ரமின் இரு பக்கமும் தெரியும் இடம் வேண்டும். மருமகன் இரண்டு பக்கமும் ஆமாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். மணி ஒன்பதரை.

"அந்தப் பொடியனின் பெயர் என்ன என்றாய், டேப் சுற்றிக்கொண்டு தனியாக நின்றவன்?"

பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாக ஒரு முறை கேட்டு எழுதினார்.

"மூன்றில் போட்டுவிட்டேன் தம்பி. ஆனால் பெஞ்சில் விங் இருக்கிறது. அதில் கை வைக்காதே."